மக்கும் லேபிள்

மகளைக் கட்டிக்கொடுத்த அன்றைக்கே மாமியார் மனதுக்குள் ஒரு தீர்மானம் போட்டுக்கொண்டார்: மாப்பிள்ளை எது சொன்னாலும் “நல்ல யோசனை” என்று சொல்லிவிடுவது. பெண்ணைக் கொடுத்த இடத்தில் வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்ளக் கூடாது என்பது அவர் கட்சி. வேறு யாருக்கும் இந்தச் சலுகை கிடையாது. தொட்டி விற்பவர், லாரி ஓட்டுபவர், கூடப் பிறந்த தம்பி என்று எல்லோரும் அவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள்தான். அவருடைய செடிப் பண்ணையிலேயே பூச்சிமருந்து படாமல் வளர்ந்த ஒரே ஜீவன் மாப்பிள்ளை.

மாமியார் நடத்தியது செடி வாடகைத் தொழில். அலுவலகங்களுக்குச் செடி வேண்டும். ஆனால் செடிக்கு அலுவலகம் வேண்டாம். ஏசிக் குளிர், வெயில் எட்டாத மூலை, மிச்சக் காப்பியைத் தொட்டியில் கவிழ்க்கும் உயரதிகாரிகள் என்று அங்கே ஒரு செடி படும் பாட்டுக்கு அதற்கு வாயிருந்தால் ராஜினாமா செய்திருக்கும். மாமியாரின் ஆட்கள் அடிக்கடி போய், வாடியதைத் தூக்கிக்கொண்டு தளதளப்பான ஒன்றை வைத்துவிட்டு வருவார்கள். வாடியது பண்ணைக்கு வந்து, நிழல்வலைக்குக் கீழே மூச்சு வாங்கி, தேறி, இன்னொரு அலுவலகத்துக்குக் கிளம்பும்.

அவருடைய பெரிய வாடிக்கை, காப்பீட்டு நிறுவனம் ஒன்றின் கண்ணாடிக் கட்டடம். பண்ணையின் செடிகளில் சரிபாதி அங்கேதான் குடியிருந்தன. அந்தக் கட்டடத்தை ஆண்டுவந்த மேலாளர் ஒருநாள் போன் செய்தார். அவர் பேசினால் அறிவிப்புப் பலகையே எழுந்து நின்று பேசுவது போலிருக்கும்.

“இனிமே இந்தக் கட்டடத்துக்குள்ள டேக் இல்லாம எதுவும் வராது, போகாது. நாற்காலிக்கு டேக் ஒட்டியாச்சு. பிரிண்டருக்கு ஒட்டியாச்சு. உங்க செடிக்கு மட்டும் என்ன, தனி ராஜ்யமா?”

அடுத்த முறை செடிகளை மொத்தமாக மாற்றும் நாளில், ஒவ்வொரு தொட்டியும் வாசலில் நிற்கும் கேட்டைத் தாண்டி வர வேண்டும். கேட் அதை எண்ண வேண்டும். எண்ணினால் ஒப்பந்தம் தொடரும். எண்ணாவிட்டால் பிளாஸ்டிக் செடி வாங்கிக்கொள்வார்களாம். “அது வாடாது, பேசாது, டேக்கும் நல்லா ஒட்டும்” என்று மேலாளர் முடித்தார்.

மாமியார் போனை வைத்துவிட்டு நிழல்வலையைப் பார்த்தார். பாதி செடிகள் வீடில்லாமல் திரும்பி வந்தால் நிற்க வைக்கக்கூட இடமில்லை. அவற்றுக்குத் தண்ணீர் ஊற்றும் ஆட்களில் பாதிப் பேரையும் அனுப்ப வேண்டியிருக்கும்.

“என்ன அத்தை, டென்ஷனா இருக்கீங்க?” என்று மாப்பிள்ளை வந்தார். பண்ணையில் அவருக்கு என்ன வேலை என்று யாருக்கும் தெளிவில்லை. அந்தக் குறையைப் போக்க அவரே ஒரு விசிட்டிங் கார்டு அடித்திருந்தார்: தலைமைப் பசுமை அதிகாரி.

“ஏதோ டேக்காம் மாப்பிள்ளை. கேட் எண்ணுமாம்.”

“ஆர்.எஃப்.ஐ.டி.! சுருக்கமா சொல்றேன் அத்தை” என்று அவர் ஆரம்பித்தபோது சூடாக இருந்த டீ, அவர் முடித்தபோது ஆடை கட்டியிருந்தது. சாரம் இவ்வளவுதான்: டேக்குக்குள் அரிசி நொய்யளவு ஒரு சிப், அதைச் சுற்றி மெல்லிய உலோகக் கம்பி. கேட் ரேடியோ அலையில் “யாரது?” என்று கேட்கும். சிப் தன் நம்பரைச் சொல்லும். பேட்டரி வேண்டாம், தொட வேண்டாம், பக்கத்தில் போனால் போதும். இதைச் சொல்ல அவருக்கு நாற்பது ஸ்லைடு தேவைப்பட்டது. மாமியார் பாதியில் கண்ணைத் திறந்துகொண்டே தூங்கினார். எழுந்து, “நல்ல யோசனை” என்றார்.

மறுநாள் டேக் விற்பவர் வந்தார். அவர் கார்டில் ‘தீர்வு நிபுணர்’ என்று போட்டிருந்தது. பிரச்சினை என்னவென்று கேட்பதற்கு முன்பே பெட்டியைத் திறந்துவிட்டதால் அந்தப் பட்டம் பொருத்தம்தான். நகைக்கடைக்காரர் நெக்லஸ் காட்டுவதுபோல ஒவ்வொன்றாக வெல்வெட்டின் மேல் வைத்தார். ஸ்டிக்கர் லேபிள். சலவைக்குப் போகும் துணியில் தைக்கும் பொத்தான். இரும்பின் மேல் ஒட்டுவதற்கென்று அடியில் பஞ்சு வைத்த பட்டை. மாட்டின் தோலுக்கடியில் செலுத்தும் கண்ணாடிக் குச்சி. கடைசியாக, மண்ணில் குத்தி வைக்கும் கெட்டிப் பிளாஸ்டிக் குச்சி ஒன்று. அதன் உச்சியில் டேக்.

மாமியாரின் கை நேராகக் குச்சிக்குப் போனது.

“இதுல தண்ணி பட்டா?”

“குளத்துல போட்டு எடுங்க மேடம், ஒண்ணும் ஆகாது.”

“அப்ப இதையே...”

“அத்தை!” மாப்பிள்ளை நெஞ்சில் கை வைத்தார். “பிளாஸ்டிக்! நாம பசுமை நிறுவனம். செடியோட நெஞ்சுல பிளாஸ்டிக்கைக் குத்தலாமா?”

செடிகள் நின்றிருந்ததே பிளாஸ்டிக் தொட்டியில்தான். மாமியார் அதைச் சொல்ல வாயெடுத்தார்; தீர்மானம் நினைவுக்கு வந்தது; வாயை மூடினார். “நல்ல யோசனை மாப்பிள்ளை.”

காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று நிபுணருக்குப் புரிந்துவிட்டது. பெட்டியின் அடித்தட்டிலிருந்து ஒரு பழுப்புக் காகித லேபிளை எடுத்தார். குரலைத் தாழ்த்தினார்.

“இது எல்லாருக்கும் காட்டறதில்லை சார். மக்கும் லேபிள். மண்ணிலேர்ந்து வந்து மண்ணுக்கே போயிடும்.”

மாப்பிள்ளையின் கண் கலங்கியது.

மகள் லேபிளை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். “உள்ள பளபளன்னு ஒரு கம்பி ஓடுதே. அதுவும் மக்குமா?”

“அது தொழில்நுட்பம் மேடம்.”

“தொழில்நுட்பம் மக்காதா?”

“அடுத்த வெர்ஷன்ல.”

மாப்பிள்ளை மனைவியைப் பார்த்த பார்வையில், உன்னத கணங்களைக் கெடுப்பதற்கென்றே சிலர் பிறக்கிறார்கள் என்ற வருத்தம் இருந்தது. கட்டுக்கட்டாக மக்கும் லேபிள் ஆர்டர் ஆனது.

அன்று சமையலறையில் மாமியார் வெங்காயத்தை நறுக்கவில்லை, பழிவாங்கினார்.

“தினம் ரெண்டு வேளை ஹோஸ் பிடிக்கிற இடம்டி. காகிதம் நிக்குமா? நீயாவது அவர்கிட்ட சொல்லக் கூடாதா?”

“நான் சொன்னா அது பொண்டாட்டி புலம்பல். நீ சொன்னாதான் அது அனுபவம்.”

“நான் எப்படிச் சொல்வேன்? அவர் மனசு நோகும்.”

“அவர் மனசு நோகாம இருக்க, நாம எல்லாரும் ஒத்தடம் கொடுத்துக்கிட்டே இருக்கணுமா? ஒரு தடவை ‘வேணாம் மாப்பிள்ளை’ன்னு சொல்லிப் பாரேன். உடைஞ்சா போயிடுவாரு?”

“உடைஞ்சிட்டா?”

“ஒட்டிக்கலாம். அதான் கட்டுக்கட்டா லேபிள் வருதே.”

லேபிள்கள் வந்தன. முதலில் இலையில் ஒட்டினார் மாப்பிள்ளை. கையடக்க ரீடரை நீட்டினால் மூச்சில்லை. இலை முழுக்கத் தண்ணீர், தண்ணீர் ரேடியோ அலையைக் குடித்துவிடும் என்று நிபுணர் போனில் விளக்கினார். பிறகு, கண்ணாடிக் கட்டடத்தில் தொட்டிகளை உள்ளே இறக்கி வைக்கும் ஸ்டீல் உறையில் ஒட்டினார். அப்போதும் மூச்சில்லை, உலோகம் அலையைத் திருப்பி அடித்துவிடும். கடைசியில் பிளாஸ்டிக் தொட்டியின் பக்கவாட்டில் ஒட்டினார். ரீடர் ‘பீப்’ என்றது. மாப்பிள்ளை எம்பிக் குதித்தார். ஆட்களையெல்லாம் கூட்டி நிற்கவைத்து உரையாற்றினார்.

“இது குப்பை இல்லை. கீழே விழுந்தாலும் இது குப்பை ஆகாது. இது மண்ணோட பிள்ளை. மண்ணுக்கே திரும்பும்!”

ஆட்கள் தலையாட்டினார்கள். அதிகம் ஆட்டியவர் உரக்குழியைப் பார்த்துக்கொள்பவர். சொன்ன சொல்லை அப்படியே எடுத்துக்கொள்ளும் மனிதர். “கொஞ்சம் இரு” என்றால் நீங்கள் மறந்துபோகும் வரை இருப்பார்.

மறுநாள் காலை ஹோஸ் பிடித்தார்கள். முதல் வரிசையின் லேபிள்கள் ஊறி, சுருண்டு, தரையில் படுத்தன. மாப்பிள்ளை அசரவில்லை. பிரிண்டரில் புது லேபிள் அடித்து, புது நம்பர் கொடுத்து, மறுபடி ஒட்டினார். இதற்கு ‘புதுப்பித்தல்’ என்று பெயரும் வைத்தார். சாயங்காலம் ஹோஸ். மறுபடி புதுப்பித்தல்.

“பழைய நம்பரை சிஸ்டத்துலேர்ந்து எடுக்க வேணாமா?” என்று மகள் கேட்டாள்.

“டேட்டாவை யாராவது அழிப்பாங்களா? டேட்டாதான் சொத்து” என்றார் மாப்பிள்ளை. எல்லா நம்பர்களையும் பத்திரமாகக் கண்ணாடிக் கட்டடத்து மேலாளருக்கு அனுப்பியும் வைத்தார்.

விழுந்த லேபிள்களை உரக்குழிக்காரர் சருகோடு சேர்த்துக் கூட்டினார். மண்ணின் பிள்ளைகளை மண்ணிடம் சேர்க்கும் பொறுப்போடு உரக்குழியில் போட்டார். காகிதம் சொன்னபடி கரைந்தது. சிப்பும் கம்பியும் சொன்னபடி கரையவில்லை. உரம் பதமானதும் வழக்கம்போல வாரி, தொட்டிக்கு ஒரு கூடை என்று மேலே போட்டார். பளபளவென்று ஏதோ கலந்திருப்பது தெரிந்தது. மக்கும் என்று பெரியவர்கள் சொல்லியிருக்கிறார்கள், மக்கட்டும் என்று விட்டுவிட்டார்.

செடி மாற்றும் நாள் வந்தது. தொட்டி கனக்கக் கூடாது என்று அதற்கு முன்பு சில நாள் தண்ணீர் காட்டாமல் காயவிடுவது தொழில் முறை. மண் உலர்ந்து லேசாக இருந்தது. கடைசியாக ஒட்டிய லேபிள்களும் அதனால் பிழைத்துக் கிடந்தன. மாப்பிள்ளை கோட் போட்டுக்கொண்டு வந்தார்.

கண்ணாடிக் கட்டடத்தின் வாசலில் இரண்டு வெள்ளைத் தூண்கள், நடுவில் வழி, மேலே பெரிய திரை. மேலாளர் தனியாக நிற்கவில்லை. பசுமை அலுவலகத்துக்கு ஏதோ விருது கொடுக்கிறார்களாம். அதன் நடுவர்களான ஓர் அம்மாளையும் ஒரு பெரியவரையும் வரவழைத்திருந்தார். செடிகள் கேட்டைத் தாண்டும் காட்சியை அவர்களுக்குக் காட்டுவதற்காகத் தரையில் சிவப்புக் கம்பளம் வேறு. தள்ளுவண்டிச் சக்கரம் அதில் சிக்கிச் சிக்கித் திணறியது.

முதல் வண்டியில் எட்டுத் தொட்டி. தூண்களுக்கு நடுவே போனது. கேட், பசித்த கோழிக்கூண்டு மாதிரி கீச்கீச்சென்று கத்தித் தீர்த்தது. திரையில் எண் எழுந்தது: 91.

மேலாளர் வண்டியைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். அவர் வாழ்க்கையில் இதுபோன்ற தருணங்களில் எப்போதும் திரையையே தேர்ந்தெடுத்தவர்.

“பார்த்தீங்களா அடர்த்தியை!” என்றார்.

நடுவர் அம்மாள் விரலை நீட்டி எண்ணினார். “கண்ணுக்கு எட்டுதானே தெரியுது?”

“கண்ணுக்குத் தெரியறது காட்சி மேடம். இது கணக்கு.”

இரண்டாவது வண்டி போனது. மூன்றாவது போனது. எண் நூறுகளைத் தாண்டி ஆயிரத்தை நோக்கி ஓடியது. மேலாளரின் குரல் எண்ணோடு சேர்ந்து ஏறியது. ஓர் ஊழியருக்கு இரண்டு செடி என்றார். அடுத்த வண்டிக்கு மூன்று என்றார். “இது அலுவலகம் இல்லை. காடு! காட்டுக்குள்ள வந்து நாங்க பாலிசி போடறோம்!” காவலாளி கைதட்டினார். கைதட்டலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தவர்கள் அவரைப் பார்த்துக் கைதட்டினார்கள். மேலாளர் அதே சூட்டில் மாமியார் பக்கம் திரும்பினார்.

“உங்க ஒப்பந்தம் தொடருது. இப்பவே, இவங்க சாட்சியா அறிவிக்கிறேன். திரையில வந்த எண்ணிக்கைக்கே போட்டுடலாம். மாசாமாசம் இதே எண்ணிக்கை இங்க நிக்கணும், அவ்வளவுதான்.”

“அத்தை! ஜெயிச்சுட்டோம்!” மாப்பிள்ளை மாமியாரோடு செல்ஃபி எடுக்கப் போனை உயர்த்தினார்.

மாமியார் பக்கத்தில் நின்ற தொட்டியைப் பார்த்தார்; மேல்மண்ணில், மகள் அன்று வெளிச்சத்தில் பிடித்துக் காட்டிய அதே பளபளக் கம்பி. கேட்ட ஒப்பந்தம் கைக்கு வந்துவிட்டது; ஆனால் இந்த உலகத்தில் இல்லாத செடிகளோடு வந்திருக்கிறது. அடுத்த மாதம் இதே மனிதர் இதே திரையின் கீழ் நின்று, “மீதி எங்கே?” என்று கேட்பார். இருக்கிற செடிக்குத் தண்ணீர் ஊற்ற ஆள் இருக்கிறது. இல்லாத செடியை எந்த வண்டியில் ஏற்றுவது? இப்போது வாயைத் திறந்தால் மாப்பிள்ளையின் மானம் இந்தச் சிவப்புக் கம்பளத்திலேயே போகும். திறக்காவிட்டால் பண்ணையே போகும்.

“அத்தை, சிரிங்க” என்றார் மாப்பிள்ளை.

“மாப்பிள்ளை.”

“சொல்லுங்க அத்தை.”

“தப்பு.”

வண்டி தள்ளிக்கொண்டிருந்தவர்கள் நின்றார்கள். மகள் வாயைப் பொத்திக்கொண்டாள். மாப்பிள்ளை பின்னால் திரும்பிப் பார்த்தார், தனக்குப் பின்னால் வேறு மாப்பிள்ளை யாராவது நிற்கிறாரா என்று.

“தப்பு மாப்பிள்ளை. அடியிலேர்ந்து நுனி வரைக்கும் தப்பு. அந்தத் தொட்டியைக் கவுத்துங்க.”

“கோட்டு அழுக்காகும் அத்தை...”

“கழட்டிட்டுக் கவுத்துங்க!”

மாப்பிள்ளை கோட்டைக் கழற்றி மேலாளரின் கையில் கொடுத்துவிட்டு, தொட்டியைத் தூக்கிச் சிவப்புக் கம்பளத்தின் மேல் கவிழ்த்தார். வேர்க்கட்டியோடு செடி நழுவி வந்தது. அதன் பின்னால் உரம் பொலபொலவென்று கொட்டியது. உரத்துக்குள்ளிருந்து வெள்ளிச் சரிகை மாதிரி கம்பிகள், ஒவ்வொன்றின் நடுவிலும் கறுப்பு நொய்யாக ஒரு சிப். கேட் வெறிபிடித்ததுபோல் கத்தியது. காவலாளி பதறித் திரையைப் பூஜ்யமாக்க, கவிழ்ந்து கிடந்த அந்த ஒற்றைச் செடியை அது மறுபடி எண்ணி, பன்னிரண்டு என்றது.

“இது எப்படி உள்ள வந்துச்சு?” மாப்பிள்ளை மண்டியிட்டுக் கிளறினார்.

உரக்குழிக்காரர் முன்னால் வந்தார். “நான்தான் சார் போட்டேன். நீங்கதானே மண்ணுக்கே திரும்பும்னு சொன்னீங்க. திருப்பிட்டேன்.”

“மக்கலையேப்பா!”

“அதை நீங்கதான் சார் அதுகிட்ட கேக்கணும்.”

மாமியார் அத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் அணையில் ஒரு கல்லை உருவியாகிவிட்டது. கல்யாணத்துக்குப் பிறகு விழுங்கிய ஒவ்வொரு “நல்ல யோசனை”யும் வரிசை கட்டி வெளியே வந்தது.

“தண்ணி பிடிக்கிற இடத்துல காகிதம் ஒட்டறதுக்கு ஒரு அதிகாரி! பழைய நம்பரை அழிக்காதீங்கன்னு சொல்றதுக்கு ஒரு அதிகாரி! பண்ணைக் கேட்டுக்கு வெள்ளைப் பெயிண்ட் அடிச்சீங்களே, மண் வண்டி போற வழியில யாராவது வெள்ளை அடிப்பாங்களா? கள்ளிச்செடிக்கு தினமும் மூணு வேளை தண்ணி ஊத்திக் கொன்னீங்களே, அதுக்கும் நல்ல யோசனைன்னேன்! அந்த நாற்பது ஸ்லைடு! ஐயோ, அந்த நாற்பது ஸ்லைடு!”

மூச்சு வாங்கினார். எல்லோரும் மாப்பிள்ளையைப் பார்த்தார்கள். உடைந்துவிடுவார் என்று மாமியார் பயந்தார்; கையைக்கூட நீட்டினார், உடைந்தால் பிடித்துக்கொள்ளலாம் என்று.

மாப்பிள்ளை கம்பளத்தில் உட்கார்ந்தபடி நிமிர்ந்து பார்த்தார்.

“ஸ்லைடு நிஜமாவே நல்லா இல்லையா அத்தை?”

“பாதியில தூங்கிட்டேன் மாப்பிள்ளை.”

“பாதியில என்ன சொல்றேன்னு எனக்கே மறந்து போச்சு அத்தை. யாராவது நிறுத்துவீங்கன்னு பார்த்தேன். நீங்க நல்ல யோசனைன்னு சொல்லிட்டீங்க. அப்புறம் நான் எப்படி நிறுத்தறது?”

முதலில் சிரித்தது நடுவர் அம்மாள். பிறகு மகள். பிறகு உரக்குழிக்காரர், எதற்கென்று தெரியாமல். மாப்பிள்ளை வயிற்றைப் பிடித்துக்கொண்டு மண்ணில் சாய்ந்தார். சிரிப்பின் நடுவிலும் மேலாளர் மட்டும் கையில் அடுத்தவர் கோட்டோடு கம்பீரத்தைக் காப்பாற்றப் பார்த்தார்.

“இதை நாம ஒரு சிறிய எண்ணிக்கை விலகலா...”

“எட்டு எங்கே, தொண்ணூத்தி ஒண்ணு எங்கே?” என்றார் பெரியவர். “சிறுசுன்னா எவ்வளவு சிறுசு?”

“ஆனா ஒப்பந்தம் தொடருதுன்னு எங்களை சாட்சி வெச்சுச் சொன்னீங்க” என்று நடுவர் அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “நாங்க கேட்டோம். பிளாஸ்டிக் செடி எதுவும் வராதில்லையா? அது வந்தா விருது இல்லை.”

மேலாளருக்குத் தப்பிக்க வழியில்லை. சொன்ன சொல்லையும் விட முடியாது, விருதையும் விட முடியாது. தொண்டையைச் செருமினார். “உண்மையான எண்ணிக்கைக்கு ஒப்பந்தம். ஆனா ஒரு செடி போனா கேட் ஒண்ணுன்னுதான் சொல்லணும். இன்னிக்கே. எனக்குத் தெரியாது.”

தீர்வு நிபுணருக்குப் போன் போனது. பெட்டியோடு ஓடி வந்தவர், கம்பளத்தையும் மண்ணையும் கண்டதும், தன் மக்கும் லேபிளைப் பற்றித் தனக்கே எப்போதும் சந்தேகம் இருந்ததாகச் சொன்னார். வண்டிகளும் மண் கொட்டிய கம்பளமும் கேட்டுக்கு எட்டாத தூரத்துக்குப் போயின; திரை மறுபடி பூஜ்யத்துக்கு வந்தது. மாப்பிள்ளை சட்டைக் கையை மடித்துவிட்டு, நல்ல மண் நிரப்பிய தொட்டி ஒன்றை நடுவில் வைத்தார்.

சலவைப் பொத்தானை மண்ணில் புதைத்தார். தண்ணீர் ஊற்றினார். தூக்கிக்கொண்டு கேட்டுக்குள் போனார். கேட் வாய் திறக்கவில்லை; காய்ந்த மண்ணில் கத்திய சிப், ஈர மண்ணில் ஊமை.

“தப்பு” என்றார் மாமியார். அந்தச் சொல் வாயில் கற்கண்டாகக் கரைந்தது.

இரும்புக்கு ஒட்டும் பட்டையை ஸ்டீல் உறையின் மேல் ஒட்டினார். கேட் ஒன்று என்றது. மாப்பிள்ளை எம்பிக் குதிக்கப் போனார்.

“உறை கட்டடத்துலயே இருக்கும் மாப்பிள்ளை. செடிதான் வந்து போகும். நாம எண்ண வேண்டியது உறையையா?”

“அட ஆமா!” என்று மாப்பிள்ளை நெற்றியில் அடித்துக்கொண்டு, சேற்றைப் பூசிக்கொண்டார்.

மாட்டுக்குப் போடும் கண்ணாடிக் குச்சியை நிபுணர் ஆசையோடு நீட்டினார். “இது தண்ணிக்குள்ளயும் பேசும் சார்.”

“எவ்வளவு தூரத்துக்கு?”

“கிட்டத்துல... கிட்டத்தட்ட முத்தம் கொடுக்கற தூரத்துல.”

“ஒவ்வொரு செடியும் அந்தத் தூணுக்கு முத்தம் கொடுத்துட்டு வரணுமா? எடுத்து உள்ள வைங்க” என்றார் மாப்பிள்ளை. மாமியார் அவரைப் புதிதாகப் பார்ப்பதுபோல் பார்த்தார். இந்த ஆளுக்கு மூளை இருந்திருக்கிறது. யாரும் மறுத்துப் பேசாததால் அதற்கு இதுவரை வேலை வரவில்லை.

பிளாஸ்டிக் குச்சியை மாப்பிள்ளையே எடுத்தார். மண்ணில் குத்தினார். டேக் மண்ணை ஒட்டி உட்கார்ந்தது. ஈரத்தில் கேட் தடுமாறியது. குச்சியை உயர்த்தினார். உறைக்குள் இறக்கிப் பார்த்தார். ஸ்டீல் விளிம்பு மறைத்தது. விளிம்பைத் தாண்டி ஒரு சாண் நிற்கும் நீளமான குச்சி இருக்கிறதா என்று கேட்டார். இருந்தது. குத்தினார். செடி குளிக்கக் குளிக்கத் தண்ணீர் ஊற்றினார். சொட்டச் சொட்டத் தூக்கிக்கொண்டு தூண்களுக்கு நடுவே நடந்தார்.

பீப். ஒன்று.

திரும்பி வந்தார். பீப். மறுபடி அதே நம்பர், அதே ஒன்று. ஓடினார். பீப். மகள் இன்னொரு தொட்டியின் மேல்உரத்தை வாரிக் கொட்டி, பழைய லேபிளைக் கிழித்து, குச்சியைக் குத்தித் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடினாள். பீப். இரண்டு. உரக்குழிக்காரர் ஓடினார். நடுவர் அம்மாள் கைப்பையைப் பெரியவரிடம் கொடுத்துவிட்டு ஒரு சின்னப் பனையைத் தூக்கிக்கொண்டார். ஊற்றிய தண்ணீரெல்லாம் கண்ணாடிக் கட்டடத்தின் பளிங்குத் தரையில் ஓடியது. மேலாளர் “வழுக்கும், வழுக்கும்” என்று கத்திக்கொண்டே திரையைப் பார்த்து, ஒவ்வொரு எண்ணையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டிருந்தார்.

“அத்தை, பிளாஸ்டிக்தான். பரவாயில்லையா?”

“வருஷக்கணக்கா அதே குச்சியைத்தான் குத்தப் போறோம். தினம் கட்டுக்கட்டா காகிதம் அடிக்கிறதைவிட இது பசுமைதான்.”

“அப்ப பழைய நம்பரை எல்லாம் இன்னிக்கே அழிச்சுடறேன்.” சட்டையைப் பிழிந்துகொண்டே மாப்பிள்ளை அவர் பக்கத்தில் வந்து நின்றார். கண்ணில் பழைய வெளிச்சம் மெல்ல ஏறியது. “இன்னொண்ணு தோணுது அத்தை. ஒவ்வொரு குச்சிக்கும் ஒரு குட்டி ஸ்பீக்கர் வெச்சா, செடிக்கு தாகம் எடுக்கும்போது...”

“வேணாம்.”

“சரி அத்தை” என்றார் மாப்பிள்ளை, பரிசு வாங்கியவர் போல. அடுத்த வண்டியைத் தள்ள ஓடினார்.